நான்காவது விசில்

சேவுகமூர்த்தியின் நாவல் மெய்ப்புக்கு வந்திருக்கிறது,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
செக்காலை சாலை அச்சகத்தில்
சணல் கட்டி மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.
எழுத்துப்பிழை பார்த்தால் போதும், பக்கத்துக்கு எட்டு ரூபாய்.
நான் அந்தக் குக்கர் விசிலையும்
பின்தொடர்ந்துகொண்டே போனேன்.
அதற்குக் காசு கிடையாது.

முதல் அத்தியாயத்தில் அது அரசாங்கத்தின் வாய்.
எரிவாயு அளந்து தரப்படும் காலம்.
கானாடுகாத்தானில் எண்பது கதவு வீடு ஒன்றில்
எண்பது குடும்பங்களை அடைத்திருக்கிறார்கள்.
அடுப்புக்கு நாளொன்றுக்கு மூன்று விசில்.
முகப்பின் உச்சியில், கஜலட்சுமி சுதைக்குப் பின்னால்
கறுப்புக் குடை பிடித்து
ஒருவன் எண்ணுகிறான்.
முட்டைவெள்ளை பூசிய சுவர்கள் அவை,
எந்தச் சத்தத்தையும்
தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை.

ஐந்தில் அங்கம்மையின் அடுப்பு
நான்காவதாக ஒன்று கூவிவிடுகிறது.
பழைய பருப்பு, வேகவில்லை, அவள் என்ன செய்வாள்?
வந்தவர்கள் பருப்பைத் தொடவில்லை.
அவளையும் தொடவில்லை.
விசிலைச் சூட்டோடு கழற்றி
உள்ளங்கையில் வைத்து
மூடச் சொன்னார்கள்.

'மூடச் சொன்னார்கள்'.
ஒற்று விடுபட்டிருந்தது. சேர்த்தேன்.

ஒன்பதில் அதே விசில் தபால்.
கொடுத்த மூன்றுக்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள்.
நீளமாய் ஒன்று: யாரையோ கொண்டுபோய்விட்டார்கள்.
குட்டையாய் இரண்டு: ஊருணிப் பக்கம் போகாதே.
பன்னிரண்டில் ஒரு குழந்தை அதைச் சூப்புகிறது,
அரைஞாணில் கட்டிவிட்டிருக்கிறார்கள்.
ஒன்றரைப் பக்கம், வெறும் சப்புகிற சத்தம்.
அங்கே அது எதையும் குறிக்கவில்லை.
எனக்குப் பிடித்த இடம் அதுதான்.
ஒரு பிழைகூட இல்லை.

பதினெட்டில்
எண்பது அடுப்பும் ஒரே மூச்சில் ஊதுகின்றன.
குடைக்காரன் குடையைப் போட்டுவிட்டு
ஓடுகளின் மேல் விழுந்து ஓடுகிறான்.
சிவப்புப் பேனாவோடு எழுந்தே நின்றுவிட்டேன்,
டீ ஆறிப்போனது.

இருபத்தொன்றில் புதிய அரசு.
கொடியில் விசில்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டையில் விசில்.
நான்காவது விசில் இனிக் கட்டாயம்.
அரிசி இல்லாத வீடு தண்ணீரையாவது கொதிக்கவிட்டு
நான்கும் அடித்தாக வேண்டும்.
சுதைக்குப் பின்னால் அதே குடை,
ஆள் மட்டும் வேறு.
அங்கம்மை மண்பானைக்கு மாறுகிறாள்.
பானை பேசாது.
பேசாத அடுப்பு எதுவென்று தேடி வருகிறார்கள்.

இதற்கு நடுவில் ஒரு குழப்பம்.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் விசில் வெள்ளி நிறம்,
இருநூற்று எழுபத்தெட்டில் மஞ்சள்.
எது சரி என்று போன் போட்டேன்.
நடத்துனர் அவர். சிங்கம்புணரி வண்டி
குன்றக்குடியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. மேல முலாம்,
உள்ள பித்தளை. தேயத் தேயத் தெரியும்ல.
ஏம்ப்பா, படியில நிக்காத, ஏறு, உள்ள ஏறு..."

பிறகு போனுக்குள் அவருடைய விசில்.
ஒன்று, வண்டி நின்றது.
இரண்டு, நகர்ந்தது.
இருபத்தாறு வருஷமாக அவர் வாயில் இருப்பது
எந்த அத்தியாயத்து விசில்?
கேட்கவில்லை. லைன் போய்விட்டது.

ஓரத்தில் 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினேன்.
கடைசி அத்தியாயம் பாக்கி.
ஊருணி வற்றிக் கிடக்கிறது,
சேற்றில் எதையோ ஒரு பையன் கண்டெடுக்கிறான்,
பம்பரம் என்று நினைக்கிறான்,
சாட்டை தேடி ஓடுகிறான்.

அப்போதுதான் என் சமையலறை ஞாபகம் வந்தது.
எத்தனை ஆனது?
இரண்டு கேட்டதாக நினைவு.
மூன்றா?

"நாலாயிருச்சு டீச்சர்" என்றது
சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்.
நல்ல குரல்தான்.
அக்கறையாகத்தான் இருந்தது.

அடுப்பை அணைத்தேன்.
எண்ணியது யாரென்று
எட்டிப் பார்க்கவில்லை.